யாருடைய குரலைக் கற்றுக்கொள்வது?



என்ன தலைப்பில் பேசப் போகிறீர்கள் என்று அமைப்பாளர்கள் கேட்டபோது ‘குரல்’ என்று மட்டும் சொன்னோம். அவர்கள் அதை ‘ஒடுக்கப்பட்டோரின் குரல்’ என்று எடுத்துக்கொண்டு அழைப்பிதழையும் தயார் செய்துவிட்டார்கள். அவர்கள்மேல் தவறில்லை. நம் மேடைகளில் குரல் என்றால் அதுதான் பொருள். நாங்கள் சொன்னது தொண்டையிலிருந்து வருகிற குரலை. ‘ஹலோ’ என்றதும் எதிர்முனையில் இருப்பவர் சாரா மேடமா என்று முடிவு செய்கிறாரே, அந்தக் குரலை.

இன்னொரு விளக்கமும் சொல்லிவிடுகிறோம். இந்த உரையை ஆறு பேர் சேர்ந்து எழுதினோம். ஆறு பேரும் திருநங்கைகள், ஆறு பேரும் சேரியில் பிறந்தவர்கள். வாசிப்பது ஒருவர் என்றாலும் ‘நாங்கள்’ என்றுதான் வரும். யார் பெயரால் இந்த நினைவுரை நடக்கிறதோ அவருடைய பெயர் நூலின் அட்டையில் இருக்கிறது. எங்களுக்கு அவர் அக்கா. உரைக்குள்ளும் அப்படியேதான் சொல்வோம்.

அக்கா செய்யாறு பக்கத்துச் சேரியில் பிறந்தவர். பதினான்கு வயதில் ஒரு கூத்து ஜமாவில் சேர்ந்து பெண் வேடம் கட்டினார். கர்ண மோட்சத்தில் பொன்னுருவி கட்டினால் ஊரே விடிய விடிய உட்கார்ந்திருக்கும் என்பார். பிறகு சென்னைக்கு வந்து, எங்கள் ஜமாத்தில் ஒரு அம்மாவுக்கு மகளாகி, அடையாறு ஆற்றங்கரையில் குடிசை போட்டு இருந்தார். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கரையோரத்து ஆட்களைப் பெரும்பாக்கம் அனுப்பினார்களே, அதில் அவரும் போனார். ஆனால் சனி, ஞாயிறு விடியற்காலையில் ஊரூர் குப்பத்துக் கடற்கரைக்கு முதல் பஸ் பிடித்து வந்துவிடுவார். உடைந்த பாலத்துப் பக்கம் அவர் நடத்திய குரல் பயிற்சிதான் எங்களைச் சேர்த்தது.

அந்தப் பயிற்சி எப்படித் தொடங்கியது என்பதைச் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் அக்காவின் வங்கி அட்டை வேலை செய்யவில்லை. வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் செய்தார். பெயர், பிறந்த தேதி, ஆதார் எண் எல்லாம் சரியாகச் சொன்னார். எதிர்முனையில் இருந்த பெண், “சார், அக்கவுண்ட் மேடம் பேர்ல இருக்கு. மேடத்துகிட்ட போனைக் குடுங்க” என்றார். “நான்தாம்மா மேடம்.” “சார், இப்படிப் பேசினா அக்கவுண்டை பிளாக் பண்ண வேண்டியிருக்கும்.” பிளாக் செய்துவிட்டார்கள். அந்த மாத வாடகை அதில் இருந்தது. அரசாங்கம் கொடுத்த அடையாள அட்டையில் பெண், ஆதாரில் பெண், வங்கிப் புத்தகத்தில் பெண். தொண்டைக்கு மட்டும் அட்டை இல்லை. அக்கா சிரித்துக்கொண்டேதான் இதைச் சொன்னார். வாடகைக்கு நாங்கள் ஆளுக்கு முந்நூறு போட்டோம்.

தமிழில் இதற்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. இந்திக்காரி ‘நான் வந்தேன்’ என்று சொல்லும்போதே ஆணா பெண்ணா என்று அவளுடைய வினைச்சொல் சொல்லிவிடும். மும்பையில் சில வருடம் இருந்த எங்களில் ஒருவர், அங்கே வாயைத் திறந்து ‘ஆயீ’ என்று சொன்ன நிமிடமே தான் பெண்ணாகிவிட்டதாகச் சொல்வார். தமிழில் ‘நான் வந்தேன்’ என்பதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. என் பாலை நானே சொல்ல என் மொழியில் எனக்கு விகுதி கிடையாது. அதைக் குரல்தான் சொல்ல வேண்டும். அல்லது எதிரே நிற்பவர் சொல்ல வேண்டும்: வந்தான், வந்தாள், வந்தது. இந்த மூன்றையும் நாங்கள் கேட்டிருக்கிறோம். மூன்றாவதைத்தான் அதிகம் கேட்டிருக்கிறோம்.

‘வந்தார்’ என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதில் பால் தெரியாது. மரியாதை கொடுத்துவிட்டால் ஆணா பெண்ணா என்ற கேள்வியே எழாமல் பேச இந்த மொழியில் வழி இருக்கிறது. ஆனால் அந்த ‘ஆர்’ விகுதி யாருக்குக் கிடைத்தது என்று இந்த அவைக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. எழுபது வயதுத் தாத்தாவை ஊர்த்தெருச் சிறுவன் ‘வாடா’ என்று கூப்பிட்டதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். எங்களை ‘வந்தான்’ என்பவனுக்கும் எங்கள் அப்பாவை ‘வந்தான்’ என்றவனுக்கும் வாய் ஒன்றுதான்.

சரி, தொண்டைக்கு வருவோம்.

பழைய பாய்ஸ் கம்பெனி நாடகக்காரர்களிடம் ஒரு சொல் உண்டு, மகரக்கட்டு. பையன்களுக்குக் குரல் உடைகிற பருவம். 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய பாலசபா போன்ற கம்பெனிகளில் சீதையும் வள்ளியும் தமயந்தியும் பையன்கள்தான். சிவாஜி கணேசனே சீதை வேடத்தில் தொடங்கியவர். மகரக்கட்டு வந்தால் அந்தப் பையனின் ஸ்திரீபார்ட் வாழ்க்கை ஆட்டம் காணும். ராத்திரி சீதையாகத் தூங்கியவன் காலையில் கரகரவென்று எழுந்திருப்பான். கம்பெனி முதலாளிக்கு அது நஷ்டம். எங்களுக்கு அது இன்னொரு விதமான நஷ்டம். எங்களில் நான்கு பேர், குரல் உடைந்த வருடத்தில்தான் பள்ளியில் பேசுவதை நிறுத்தியிருக்கிறோம். அதுவரை ‘பொம்பள மாதிரி பேசுறான்’ என்று அடித்தார்கள். உடைந்த பிறகு எங்களுக்கே எங்கள் குரல் பிடிக்கவில்லை.

அந்தப் பருவத்தில் நடப்பது இதுதான். டெஸ்டோஸ்டிரோன் சுரப்பால் குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல்வளை பெரிதாகிக் கீழே இறங்குகிறது. கழுத்தில் முடிச்சு தெரிகிறது. இது ஒருவழிப் பாதை. பிறகு எத்தனை வருடம் பெண் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டாலும் தோல் மென்மையாகும், மார்பு வளரும், குரல் மட்டும் ஏறாது. தடித்த நாண் மெலியாது. திருநம்பித் தம்பிகளுக்கு அப்படி இல்லை. ஊசி போட்ட சில மாதங்களிலேயே அவர்களுக்குக் குரல் இறங்கிவிடும். எங்கள் வட்டத்துக்கு வருகிற தம்பி ஒருவரிடம் இதில் எங்களுக்கு உண்மையாகவே பொறாமை. அறுவைச் சிகிச்சை செய்தால் குரல் மாறிவிடும் என்று எங்களில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருந்தோம். நிர்வாணம் செய்துகொண்டு மயக்கம் தெளிந்ததும் முதல் வேலையாக ‘அம்மா’ என்று கூப்பிட்டுப் பார்த்த ஒருவர் எங்களில் இருக்கிறார். பழைய குரலே வந்தது. அன்று அழுததுபோல் வலிக்கு அழவில்லை என்பார்.

குரல்நாணின் முன்பகுதியைத் தைத்து நீளத்தைக் குறைக்கிற அறுவையும் உண்டு. சுருதி ஏறும். ஆனால் வாய்க்குள்ளும் தொண்டைக்குள்ளும் ஒலி எப்படி எதிரொலிக்கிறது என்பதை அது மாற்றாது. செலவும் எங்கள் கைக்கு எட்டாதது. மிச்சம் இருப்பது பயிற்சி.

அக்காவிடம் ஒரு பழைய ஆர்மோனியம் இருந்தது. மூன்று கட்டைகள் அதில் பேசாது. ஒரு கட்டையை அழுத்தி, “இது ஆம்பள பேசுற இடம்” என்பார். ஐந்து கட்டையை அழுத்தி, “இது பொம்பள பேசுற இடம்” என்பார். பிறகு ஒரு நாள் எங்களில் படித்த பெண் ஒருத்தி போனில் ஒரு செயலி இறக்கிப் பார்த்தாள். ஒரு கட்டை என்பது கிட்டத்தட்ட 130 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டை 196. ஆண்களின் பேச்சுக் குரல் பெரும்பாலும் 100 முதல் 140க்குள், பெண்களுடையது 180 முதல் 220க்குள் என்று பேச்சு மருத்துவர்கள் சொல்லும் கணக்கும் அதுவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, “இதுக்கா போன் வாங்கினே?” என்றார்.

ஆனால் சுருதி மட்டும் போதாது. முதல் இரண்டு மாதம் நாங்கள் செய்த தவறு அதுதான். எல்லோரும் கீச்சுக்குரலில் பேசினோம். பாட்டு வாத்தியார்கள் அதைக் கள்ளக்குரல் என்பார்கள். மிமிக்ரி செய்பவர்கள் எங்களைக் கேலி செய்யப் பிடிக்கிற குரலும் அதுவே. தொண்டை புண்ணாகிப் போனது. ஒருத்திக்குப் பத்து நாள் குரலே எழவில்லை. அக்கா திட்டினார். “கூத்துல ஒருநாளும் அப்பிடிக் கத்தினதில்ல. விடியறவரைக்கும் பாடணும், தொண்டை தாங்கணும்ல?”

அவர் கற்றுக்கொடுத்தது இப்படி. நெஞ்சில் ஒரு கையும் கன்னத்தில் ஒரு கையும் வைத்துக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனக வேண்டும். நெஞ்சு அதிர்ந்தால் ஒலி கீழே இருக்கிறது. மூக்கும் உதடும் அதிரும்வரை அதை மேலே கொண்டுவர வேண்டும். எச்சில் விழுங்கும்போது குரல்வளை மேலே ஏறுகிறது அல்லவா, அது ஏறிய இடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு அங்கேயே மெல்ல நிறுத்திப் பேசிப் பழக வேண்டும். கொட்டாவி விட்டால் இறங்கும் இடம் ஆம்பளை இடம். நாக்கைக் கொஞ்சம் முன்னால் வைக்க வேண்டும். பெரிய நாய் மூச்சு வாங்குவது போலவும் பிறகு குட்டி நாய் மூச்சு வாங்குவது போலவும் செய்து பார்க்கச் சொல்வார். வாயின் உள்ளே இருக்கிற இடம் எப்படிச் சிறிதாகிறது என்று அதில் தெரிந்துவிடும். குப்பத்து நாய்கள் எங்களைப் பார்த்துக் குரைத்ததற்கு இதுதான் காரணம். தம்ளர் தண்ணீரில் குழாயை விட்டு ஊதிக்கொண்டே சுருதி ஏற்றி இறக்குவது இன்னொரு பயிற்சி. தொண்டைக்கு அது ஒத்தடம் மாதிரி. பிறகு பேச்சு. காய்கறி விலை சொல்ல வேண்டும், பஸ் ஸ்டாப் பெயர்களை வரிசையாகச் சொல்ல வேண்டும், போனில் பதிவு செய்து கேட்க வேண்டும்.

கேட்பதுதான் இதில் மிகக் கொடுமை. தன் குரலைப் பதிவில் கேட்க யாருக்கும் பிடிக்காது. எங்களுக்கு அது வேறு மாதிரி. தினமும் கண்ணாடியில் தாடியைப் பார்ப்பது போல.

எட்டு ஒன்பது மாதத்தில் பலன் தெரிந்தது. சிலருக்கு இரண்டு வருடம் ஆனது. ஒருத்திக்கு இன்னும் சரியாக வரவில்லை. அவள் அதைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டாள். அவளும் இந்த உரையை எழுதிய ஆறு பேரில் ஒருத்தி.

இந்த இடத்தில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. அந்தச் சண்டையைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்தோம்.

பெண் குரல் என்று எதைப் பார்த்துக் கற்பது? எல்லோரும் யூடியூபில் தேடினோம். செய்தி வாசிப்பவர், விளம்பரத்தில் பேசுபவர், சினிமாக் கதாநாயகிக்கு டப்பிங் கொடுப்பவர். எல்லாம் ஒரே குரல். மெல்லிய, மூச்சு கலந்த, முற்றத்தைத் தாண்டாத குரல். அதை அப்படியே பிடித்தோம். அப்போது எங்களில் ஒருத்தி அடையாற்றில் வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தாள். லாட்டிஸ் பிரிட்ஜ் சாலைக்குப் பின்புறம் ஒரு வீடு. போனில் பேசினாள். குரல் சுத்தமாக விழுந்தது. அந்த அம்மா ‘சொல்லும்மா’ என்றே பேசினார். நாங்கள் சுற்றி நின்று வாயைப் பொத்திக்கொண்டு கேட்டோம். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். வெற்றிதான். பிறகு இவள் உற்சாகத்தில், “அட்வான்ஸ் இன்னாம்மா சொல்றீங்க?” என்றாள். அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம். “நீங்க எந்தப் பக்கம்மா? சொந்த ஊர் எது? வெஜிடேரியனா?” வீடு நேற்றே பேசி முடித்துவிட்டோம் என்று வைத்துவிட்டார்.

பெண் என்று நம்பினார்கள். ‘இன்னா’ என்ற ஒரு சொல்லில் சேரி தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் பேச்சு எங்கெங்கோ போனது. ஒருத்தி சொன்னாள், இனிமேல் பாஷையையும் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான் என்று. இன்னொருத்தி கோபப்பட்டாள். “ஆம்பள குரலை விட்டாச்சு, இப்ப அம்மா பேச்சையும் விடணுமா?” அக்கா எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் எங்களைக் குப்பத்து மீன் ஏலத்துக்குக் கூட்டிப் போனார். படகு வந்து இறங்கியிருந்தது. கூடைக்காரம்மாக்கள் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடல் இரைச்சலுக்கு மேலே எழுகிற குரல்கள். கட்டைக் குரல், கரகரப்பு, புகையிலை ஏறிய குரல், நெஞ்சிலிருந்து நேராக வருகிற குரல். அவர்களில் ஒருவரையாவது யாராவது ‘சார்’ என்று கூப்பிட்டிருப்பார்களா? அக்கா கேட்டது அவ்வளவுதான்: “இவங்கல்லாம் பொம்பளை இல்லியா?”

அதிலிருந்து நாங்கள் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினோம். தமிழ் சினிமாவிலேயே எவ்வளவு நாளாக இரண்டு பெண் குரல்கள் இருந்தன என்று பாருங்கள். கதாநாயகிக்கு ஒரு குரல், கிளப்பில் ஆடுகிறவளுக்கு ஒரு குரல். எல்.ஆர். ஈஸ்வரிக்கு எத்தனை கிளப் பாட்டு கொடுத்தார்கள் என்று யோசித்தால் புரியும். அந்த ஈஸ்வரியின் குரல்தான் ஆடி மாதம் முழுக்க நம் தெருக்களில் அம்மன் பாட்டாகக் குழாயில் ஒலிக்கிறது. நம் தெருவுக்கு அது சாமி குரல். ‘அடக்கமான பெண் குரல்’ என்று ஒன்று இயற்கையில் கிடையாது, வீட்டுக்குள் இருந்து பேசினால் போதும் என்கிற வசதி உள்ளவர்களின் குரல் அது, என்று நாங்கள் முடிவுக்கு வந்தோம். வயலில் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கூப்பிட வேண்டியவளுக்கும், லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறவளுக்கும் அது உதவாது.

ஆண் குரலிலும் இதே கதைதான். மைக் இல்லாத காலத்தில் மேடையில் பாடியவர்கள் உச்ச சுருதியில்தான் பாடினார்கள். எஸ்.ஜி. கிட்டப்பாவின் இசைத்தட்டைக் கேளுங்கள். இன்றைக்கு அந்தச் சுருதியில் ஒரு ஆண் பேசினால் மகரக்கட்டு சரியாக உடையவில்லை என்று டாக்டரிடம் அனுப்புவார்கள். ‘ஆண்களின் பெண் குரல் நிரந்தரமாகச் சரிசெய்யப்படும்’ என்ற விளம்பரத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆணுக்குப் பெண் குரல் இருந்தால் அது நோய். அதற்கு மருத்துவம் உண்டு. எங்களுக்கு ஆண் குரல் இருப்பதைச் சொல்லி ஒரு மருத்துவமனைக்குப் போனபோது, “குரலா? அது எதுக்கு? அதான் புடவை கட்டியிருக்கீங்களே” என்றார்கள். சிரிக்காதீர்கள், அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்.

சட்டத்தையும் பார்த்துவிட்டோம். 2008இல் தமிழ்நாட்டில் திருநங்கையர் நலவாரியம் வந்தது. 2014 ஏப்ரல் 15இல் உச்ச நீதிமன்றத்தின் நால்சா தீர்ப்பு, பாலினத்தை முடிவு செய்வது அவரவர் உரிமை என்றது. 2019 சட்டத்தில் அறுவைச் சிகிச்சை, ஹார்மோன் சிகிச்சை, லேசர் சிகிச்சைவரை பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். முடியை எடுக்க லேசர் உண்டு. குரல் என்ற சொல் இல்லை. ‘மற்ற உடல்நலப் பிரச்சினைகள்’ என்பதற்குள் அது இருக்கிறது என்று வழக்கறிஞர் தோழர் ஒருவர் சொன்னார். மற்றவற்றுக்குள் இருந்து இருந்தே நமக்குப் பழக்கம்.

இன்னொரு பக்கமும் சொல்லியாக வேண்டும். கடை கேட்கப் போகும்போது இந்த மெல்லிய குரல் ஒரு காசுக்கும் உதவாது. கைதட்டி, அடித்தொண்டையில் ‘குடு மாமா’ என்றால்தான் கல்லாப்பெட்டி திறக்கும். அவர்கள் பயத்துக்குக் கொடுக்கிறார்கள், பாசத்துக்கு அல்ல. ராத்திரியில் யாராவது கையைப் பிடித்து இழுத்தால் முதலில் வெளியே வருவது பழைய குரல்தான். அது பலமுறை எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. எங்களில் சிலர் வேலைக்குப் போகிறவர்கள், சிலர் இன்னும் கடை கேட்கிறவர்கள். ஒரே நாளில் இரண்டு குரலிலும் பிழைக்க வேண்டியிருக்கிறது. இதில் எது உண்மையான குரல் என்று ஒரு பத்திரிகையாளர் கேட்டார். அவர் வீட்டில் பேசுகிற குரலிலா ஆபீசில் பேசுகிறார் என்று திருப்பிக் கேட்டோம்.

இலக்கிய மேடை என்பதால் இலக்கியத்துக்கும் வருகிறோம். ரேவதியம்மாவின் ‘வெள்ளை மொழி’யும், 2007இல் வந்த லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’வும் எங்களைப் பேச வைத்த புத்தகங்கள். வித்யா தலித் திருநங்கை என்று தன்னைச் சொல்லிக்கொண்டே மேடையேறியவர். அவரும் தோழர்களும் தொடங்கிய பன்மை நாடகக் குழு எங்கள் கதையை எங்கள் வாயாலேயே சொன்னது. 2008இல் விஜய் டி.வி.யில் ‘இப்படிக்கு ரோஸ்’ வந்தபோது, வீட்டு வரவேற்பறைகளுக்குள் எங்களில் ஒருத்தியின் குரல் முதல்முறையாகக் கேலி இல்லாமல் போனது. கிரேஸ் பானு சாதியையும் பாலினத்தையும் சேர்த்தே பேசுகிறார். கிடைமட்ட இடஒதுக்கீடு வேண்டும் என்று அவர் கேட்பது அதனால்தான். இவர்கள் யாரும் எங்களிடம் இந்தக் குரலில் பேசு, அந்தக் குரலில் பேசாதே என்று சொன்னதில்லை.

ஆனால் நம் கதைகளைப் பாருங்கள். தலித் எழுத்தாளர்களின் கதைகளையும் சேர்த்தேதான் சொல்கிறோம். திருநங்கை ஒருத்தி கதைக்குள் வந்தால் இரண்டாவது வரியில் ‘கரகரத்த ஆண் குரலில்’ என்று வந்துவிடும். பிறகு வேறு எதுவும் தேவையில்லை, வாசகருக்கு எல்லாம் தெரிந்துவிடும். கதையில் வேறு யாருக்காவது குரல் விவரிக்கப்படுகிறதா என்று தேடிப் பார்த்தோம். பெரும்பாலும் இல்லை. பறையர் என்றால் உடம்பின் நிறத்தையும், அருந்ததியர் என்றால் செருப்பையும் முதலில் எழுதியவர்களை நாம் எப்படிக் கேள்வி கேட்டோமோ, அதே கேள்விதான் இதுவும்.

மேடைக்கும் இதே கேள்வி உண்டு. நம் தலைவர்களைப் பாராட்டும்போது கர்ஜனை என்கிறோம், சிங்கக் குரல் என்கிறோம். எதிரியைத் திட்டும்போது ‘பொட்டை’ என்கிறோம். முன்வரிசையில் நாங்கள் உட்கார்ந்திருக்கும்போதே சொல்லப்பட்டிருக்கிறது. சொன்னவர் பிறகு கீழே வந்து எங்களிடம் அன்பாக விசாரித்தார். அவர் சொன்னது எங்களைத்தான் என்று அவருக்கே தெரியவில்லை. அக்கா ஒருமுறை பாபாசாகேபின் பி.பி.சி. பேட்டியை, 1955இல் எடுத்ததை, யூடியூபில் போட்டுக் கேட்கச் சொன்னார். ஆங்கிலம் எங்களில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. குரல் புரிந்தது. அதில் கர்ஜனை இல்லை. ஒருவர் எதிரே உட்கார்ந்து நிதானமாகக் கணக்குச் சொல்கிற குரல். “பாரு, எவ்ளோ பெரிய விஷயத்தை எவ்ளோ சின்னக் குரல்ல சொல்றாரு” என்றார் அக்கா. 1936இல் லாகூரில் அவரைப் பேசவே விடவில்லை, பேச வேண்டியதைத் தன் செலவில் அச்சிட்டு வெளியிட்டார் என்பதும் அப்போதுதான் பேச்சில் வந்தது. குரலே எழாமல் அச்சில் வந்த அந்த உரையைத்தான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறோம்.

அக்காவின் கடைசி நாட்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீண்டதாகச் சொல்ல எங்களால் முடியாது. மூச்சுத் திணறல். சேர்த்த இடத்தில் முதல் இரவு ஆண்கள் வார்டில் போட்டார்கள். அட்டையைக் காட்டினோம். பேசச் சொன்னார்கள். மூச்சுக்குழாய் மாட்டியிருந்தவரைப் பேசச் சொன்னார்கள். அக்கா முகமூடியைக் கொஞ்சம் விலக்கி, ‘தண்ணி’ என்றார். அவ்வளவு வருடம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு அன்று குரலை ஏற்றப் பலம் இல்லை. நெஞ்சிலிருந்தே வந்தது. மறுநாள் வேறு ஒரு நர்ஸ் அம்மா வந்து, யாரிடமும் கேட்காமல், பெண்கள் வார்டுக்கு மாற்றினார். அக்கா அங்கேதான் போனார். அந்த நர்ஸ் அம்மாவின் குரல், சொன்னால் நம்ப மாட்டீர்கள், எங்கள் எல்லோரையும்விடக் கட்டை.

அடக்கத்துக்கு அக்காவின் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் வந்து ஒப்பாரி வைத்தார்கள். இருவரும் ஆண்கள், புடவை கட்டி, பெண் குரலில். சின்ன வயதில் அக்காவோடு கூத்து ஆடியவர்களாம். அந்தக் குரலை யாரும் கேலி செய்யவில்லை. தெருவே அழுதது.

சனி, ஞாயிறு பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது. ஆர்மோனியத்தில் இப்போது ஐந்து கட்டைகள் பேசாது. போன மாதம் கண்ணகி நகரிலிருந்து பத்தொன்பது வயதில் ஒருத்தி புதிதாக வந்தாள். முதல் நாளே, “எந்த மாதிரி குரல்ல பேசணும்க்கா? சாம்பிள் இருக்கா?” என்றாள். செய்தி வாசிப்பவரின் வீடியோ ஒன்றைப் போனில் தயாராக வைத்திருந்தாள். அதையும் கேட்போம், உங்கள் வீட்டுப் பெண் ஒருத்தியின் குரலையும் கொண்டு வா என்றோம். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, வாட்ஸ்அப்பில் அவளுடைய அம்மா அனுப்பியிருந்த வாய்ஸ் ஒன்றைப் போட்டாள். அந்த அம்மா தூய்மைப் பணியாளர். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. செயலியை வைத்துப் பார்த்தோம். எங்களில் நன்றாகப் பேசுகிறவளுக்கு 185. அந்த அம்மாவுக்கு 162.

“எங்கடி கீற? துன்னியா இல்லியா? இருட்டுறதுக்குள்ள வந்து சேரு.”

‘டி’யை அந்தப் பெண் கவனித்திருக்கவில்லை போலிருக்கிறது. இன்னொரு தடவை போடச் சொன்னோம்.